சிக்கிய இடமும் சிரித்த இடமும்

புதிரில் மாட்டிக்கொண்டு தவிக்கும் ஒருவரிடம் விடையைச் சொல்லிப் பாருங்கள். அனேகமாக இரண்டில் ஒன்றுதான் வாயில் வரும். "அட, இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்பது ஒன்று. "இதெல்லாம் யாருக்குத் தோணும்?" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னவர் தன் தலையில் குட்டிக்கொள்கிறார். இரண்டாவதைச் சொன்னவர் புதிர் போட்டவர் தலையில் குட்டுகிறார்.

சிரிப்பு கேம்களுக்குப் புதிர் எழுதுவதும், எழுதியதை ஆட்களை உட்காரவைத்து ஆடச்சொல்லிப் பார்ப்பதும் என் பிழைப்பு. ஆடி முடித்தவர்கள் கருத்துச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டுவதே இல்லை. கஷ்டம், சப்பை, அறுவை, சூப்பர் என்று கொட்டித் தீர்ப்பார்கள். அந்தத் தீர்ப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் கேம் உருப்படாது. காதில் போட்டுக்கொள்ளாவிட்டாலும் உருப்படாது. கஷ்டமாக இருந்ததற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை என்பதுதான் இத்தனை நாளில் நான் கண்டது. விடை தெரிந்த பிறகும் சிரிப்பு வரவில்லையென்றால் திட்டுவார்கள். அந்தச் சிரிப்பு வராமல் போனதற்கான காரணம், அவர்கள் சிக்கிய இடத்தில் இருக்காது. அதற்கு ஒரு காட்சி முன்னால், யாரும் புகார் சொல்லாத இடத்தில் இருக்கும்.

நான் சொல்வது மவுஸால் சொடுக்கி ஆடும் அட்வென்ச்சர் கேம் வகையை. சுடுவது கிடையாது, ஓட்டப்பந்தயம் கிடையாது. ஒரு பாத்திரம், ஒரு வீடோ ஊரோ, கண்டதையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொள்ள ஒரு பை, பேச்சுக்கொடுக்க நாலு கிறுக்கர்கள். எதை எதோடு சேர்த்தால் காரியம் நடக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வகையில் எது உச்சம் என்று ஆடியவர்களைக் கேட்டால் சட்டென்று வரும் பெயர்களில் ஒன்று 'டே ஆஃப் தி டென்டக்கிள்'. 1993-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது. டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் சேர்ந்து இயக்கியது. 1987-இல் வந்த 'மேனியாக் மேன்ஷ'னின் தொடர்ச்சி. 2016-இல் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் படங்களைத் துலக்கி மறுபடி வெளியிட்டதால் இன்றைய பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

கதை இதுதான். கிறுக்கு விஞ்ஞானி ஒருவரின் வீட்டுப் பின்புறம் ஓடும் கழிவுநீரைக் குடித்த ஊதா நிற டென்டக்கிள் (ஆக்டோபஸ் கை மாதிரி ஒரு ஜந்து) ஒன்றுக்குக் கை முளைக்கிறது. உடனே உலகத்தை ஆளக் கிளம்புகிறது. தடுக்க வேண்டுமானால் நேற்றைக்கே போய்க் கழிவைக் கொட்டும் இயந்திரத்தை அணைக்க வேண்டும். விஞ்ஞானி வைத்திருக்கும் கால இயந்திரமோ கழிப்பறை வடிவில் இருக்கிறது. அதற்குள் வைத்த வைரம் போலி. அது உடைந்ததும், ஆளுக்கொரு கழிப்பறையில் ஏறிக் கிளம்பிய மூன்று நண்பர்களும் மூன்று காலத்தில் போய் விழுகிறார்கள். ஹோகி 200 ஆண்டு தள்ளி இறந்தகாலத்தில், லவர்ன் 200 ஆண்டு தள்ளி எதிர்காலத்தில், பெர்னார்டு கிளம்பிய இடத்திலேயே. வீடு ஒன்றுதான், காலம் மூன்று. பெரும்பாலான சாமான்களைக் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்தால் இன்னொரு காலத்தில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேரும்.

என்னிடம் புதிதாக ஆடிப்பார்க்க வருபவர்களை முதலில் இதில்தான் உட்கார்த்துவேன். என் கேமைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று தெரிவதற்கு முன், அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று எனக்குத் தெரிய வேண்டும். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ஹாம்ஸ்டர் புதிரில் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன்.

எதிர்காலத்தில் இருக்கும் லவர்னின் கால இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஓடி ஓடி அதை உண்டாக்க ஒரு ஹாம்ஸ்டர், எலி மாதிரி ஒரு பிராணி, வேண்டும். நிகழ்காலத்து ஹாம்ஸ்டரை உறையவைத்தால் 200 ஆண்டு கழித்து லவர்ன் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். உறைந்ததை மைக்ரோவேவில் வைத்து இளக்கவும் செய்தாள். ஆனால் ஹாம்ஸ்டர் குளிரில் நடுங்குகிறது, ஓட மாட்டேன் என்கிறது. அங்கே நின்றுவிட்டாள். அவள் பையில் ஸ்வெட்டர் இருந்தது. ஹாம்ஸ்டர்மேல் அதைப் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருக்கிறது என்று கேம் மறுத்தது.

"பெருசா இருக்குன்னு சொல்லுதுக்கா. அப்ப வேற சின்ன ஸ்வெட்டர் எங்கயோ இருக்கு" என்று வீடு முழுக்கத் தேடினாள். மூன்று காலத்திலும் தேடினாள். துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பலமுறை தாண்டிப் போனாள். அதில் காசு போட்டால் ஓடும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். கம்பளி ஸ்வெட்டரை அதில் போட்டு, காசைக் கொட்டி, 200 ஆண்டு ஓடவிட்டால் அது சுருங்கி ஹாம்ஸ்டர் அளவுக்கு வந்துவிடும் என்று சொன்னேன்.

வெடித்துச் சிரித்தாள். அடுத்த நொடி முகம் மாறியது. "ஆனா கம்பளி அதுல போட்டா சுருங்கும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? எங்க வீட்ல மொட்டை மாடிக் கொடிதான்."

இந்த ஒரு பதிலுக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. சிரிப்பு, புதிர் நன்றாக இருக்கிறது என்கிறது. அடுத்து வந்த கேள்வி, புதிருக்கான சரக்கு தன்னிடம் கொடுக்கப்படவில்லை என்கிறது. இரண்டும் உண்மை. அமெரிக்காவில் காசு போட்டுத் துணி உலர்த்திப் பழகியவருக்கு, அதைக் கண்டவுடனே சுருங்கிப்போன ஏதாவது ஒரு துணி ஞாபகத்துக்கு வந்திருக்கும். கேம் செய்தவர்கள் அந்த ஞாபகத்தை நம்பித்தான் புதிரைப் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பழக்கம் அது, தப்பில்லை. ஆனால் இதே புதிரை எனக்காக நான் எழுதுவதாக இருந்தால், முன்காட்சி ஒன்றில் சுருங்கிய பனியனைப் போட்டுக்கொண்டு ஒருவரை முணுமுணுக்கவைப்பேன். புதிரின் கஷ்டம் ஒரு துளிகூடக் குறையாது. கேள்வி மட்டும் மறைந்துவிடும்.

இதே கேமில் அதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. எதிர்காலத்தில் லவர்ன் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்குகிறாள். 400 ஆண்டு முன்பே, ஹோகி இருக்கும் காலத்தில், அந்த மரத்தை வெட்டிவிட்டால் கீழே விழுந்துவிடுவாள். இறந்தகாலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் இருக்கிறார், ஆனால் அது கும்குவாட் மரம். ஹோகி அதன் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிச் செர்ரி மரமாக்கிக் காட்டினால்தான் அவர் கோடரியை எடுப்பார். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது: சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டது. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் தான் எழுதிய வாஷிங்டன் வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைத்த கட்டுக்கதை அது. நம் பக்கத்தில் அதைக் கேள்விப்படாதவர்களும் இந்தப் புதிரை அவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வாஷிங்டனிடம் பேச்சுக்கொடுத்தாலே மரம் வெட்டும் பேச்சு வந்துவிடுகிறது. இங்கே கேம் தன் சரக்கைத் தானே கொடுத்துவிடுகிறது. கதை தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு, தெரியாதவருக்கு நஷ்டமில்லை. உள்ளூர்ச் சமாசாரத்தை வைத்துப் புதிர் போட வேண்டுமென்றால் இப்படித்தான் போட வேண்டும்.

ஆடுபவர் தரப்பு நியாயத்தை முதலில் சட்டம்போல எழுதிவைத்தவர்களில் ரான் கில்பர்ட் முக்கியமானவர். 'மேனியாக் மேன்ஷ'னை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அட்வென்ச்சர் கேம்கள் ஏன் சகிக்க முடியாமல் இருக்கின்றன என்று 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். கேம் செய்கிறவர் எழுதியதென்றாலும் படித்தால் நொந்துபோன ஆட்டக்காரரின் குரல்தான் கேட்கும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பூட்டைக் காட்டாதே, பூட்டை முதலில் காட்டு என்றார். முன்பே எடுக்கத் தவறிய ஒரு சாமானுக்காக ஆடுபவரைத் திரும்பிப் போகவே முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே என்றார். செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வைக்காதே என்றார்.

இந்தப் புகார்கள் வெறும் ஆத்திரமல்ல. 1990-இல் வந்த சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் குவெஸ்ட் 5'-ஐ ஆடியவர்களைக் கேட்டால் பூனையையும் எலியையும் பற்றிச் சொல்வார்கள். ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிக்குள் பழைய பூட்ஸையோ வேறு எதையாவதோ எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். தவறவிட்டாலும் கேம் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து ஓடும். வெகுநேரம் கழித்து உங்களைக் கட்டிப் போடும்போதுதான், கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி இல்லை என்பது தெரியும். ஏன் மாட்டிக்கொண்டோம் என்பதுகூட ஆடுபவருக்குப் புரியாது. காரணமே தெரியாத தோல்வியில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதே 1990-இல் கில்பர்ட், ஷேஃபர், கிராஸ்மன் மூவரும் கொண்டுவந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்'டில் சாவதே அபூர்வம். பாத்திரம் மலையுச்சியிலிருந்து விழுந்ததும் சியரா கேம் மாதிரியே செத்துவிட்டாய் என்று ஓர் அறிவிப்பு வரும். அடுத்த கணம் ரப்பர் மரத்தில் பட்டு எம்பி மேலே வந்து நிற்பான். நாயகன் கைபிரஷ் பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். தண்ணீருக்கடியில் அவனைச் சும்மா பத்து நிமிடம் விட்டுவைத்தால் மட்டும் உண்மையிலேயே செத்துப்போவான். அப்போது திரையின் அடியில் உள்ள கட்டளைகள் பிணத்துக்கேற்றபடி மாறிவிடும்: மித, உப்பு, அழுகு. அவற்றோடு கடைசியாக, ஹின்ட் புத்தகம் ஆர்டர் செய். எரிச்சலூட்டிய விஷயத்தையே எடுத்து எப்படிச் சிரிப்பாக்கினார்கள் பாருங்கள். ஆட்டக்காரர்களின் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் கொடுக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்.

கஷ்டமும் அபத்தமும் வேறுவேறு என்பதற்கு, ஆட்டக்காரர்கள் இன்றும் மறக்காத சாட்சி ஒன்று இருக்கிறது. 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'-இல் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு நண்பனைப் போல வேஷம் போட வேண்டும். பூனையின் மயிரை டேப்பில் பிடித்து, சிரப் தடவி மீசை ஒட்ட வேண்டும். இதில் வேடிக்கை, அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது. அவன் பாஸ்போர்ட்டில் மார்க்கரால் மீசை வரைய வேண்டும். எரிக் வோல்பா என்ற விமர்சகர் 2000-இல் இதைப் படிப்படியாகப் பிரித்துப்போட்டு, அட்வென்ச்சர் கேமைக் கொன்றது யார் என்று கிழித்தெடுத்தார். அவரே பிற்பாடு 2007-இல் வந்த 'போர்ட்டல்' என்ற சிரிப்புப் புதிர் கேமுக்கு வசனம் எழுதினார் என்பது எனக்குப் பிடித்த பின்கதை.

அந்த மீசைப் புதிரை அப்படியே தூக்கி டென்டக்கிள் வீட்டில் வைத்தால் யாராவது முணுமுணுப்பார்களா? அவ்வளவாக முணுமுணுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கழிப்பறையில் காலப்பயணம் போகிற உலகத்தில் பூனைமயிர் மீசை சாதாரணம். கேப்ரியல் நைட்டோ நிஜ ஊரில் நடக்கும் மர்மக் கதை. அங்கே வாடகைக்கு வண்டி வேண்டுமென்றால் மனிதர்கள் பணம் கொடுப்பார்கள், கெஞ்சுவார்கள், இல்லையென்றால் திருடுவார்கள். ஆடுபவர் அதைத்தான் யோசித்தார். கேமின் நகைச்சுவை அளவு என்ன என்பதை முதல் சில நிமிடத்திலேயே ஆடுபவர் எடைபோட்டுவிடுகிறார், அந்த எடையை வைத்துத்தான் பிறகு யோசிக்கிறார். நடுவில் தராசை மாற்றினால் ஏமாற்றிவிட்டான் என்பார். அது நியாயமான புகார்.

இனி என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தப்பான விடைகள். ஆடுபவர் சரியானதைச் செய்யும் நேரத்தைவிடத் தப்பானதைச் செய்யும் நேரம்தான் கேமில் மிக அதிகம். ஸ்வெட்டரைக் குதிரைக்குப் போட்டுப் பார்ப்பார், சாவியைத் தின்னப் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் அது முடியாது என்று ஒரே பதிலைச் சொன்னால் மூன்றாம் தடவை கேம் வாய்செத்த மாதிரி ஆகிவிடும். நல்ல சிரிப்பு கேம் ஒன்றை ஆடி முடித்தவர்களிடம் எதற்குச் சிரித்தாய் என்று கேளுங்கள். பாதிக்கு மேல், தான் செய்த கிறுக்குத்தனத்துக்கு கேம் கொடுத்த பதிலைத்தான் சொல்வார்கள். மங்கி ஐலண்டின் வாள்சண்டை இதை அடியோடு புரட்டிப்போட்டது. அங்கே சண்டை வாளால் அல்ல, வசவால். எதிரி திட்டுவான், சரியான எதிர்வசவு தெரியாவிட்டால் தோற்பாய். ஆனால் தோற்கும்போதெல்லாம் ஒரு புதிய வசவு உன் பையில் சேரும். தோல்வியே சம்பளம். அதனால் அந்தக் கட்டத்தைக் கஷ்டம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாட்டிக்கொண்டவருக்கு நகைச்சுவை உணர்வு குறைந்துவிடும் என்பதையும் அதே கேம்தான் கற்றுக்கொடுத்தது. காட்டில் ஒரு மரக்கட்டையைப் பார்த்தால் கீழே சுரங்கம் போவதாகச் சொல்லி, 22-ஆம் டிஸ்க்கைப் போடு, 36-ஆம் டிஸ்க்கைப் போடு, 114-ஆம் டிஸ்க்கைப் போடு என்று கேட்கும். கேமோடு வந்த டிஸ்க்குகளோ கைவிரலில் அடங்கும். பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக் கைவலித்த அந்தக் காலத்துக்கான கிண்டல் அது. ஆனால் தங்களுக்கு டிஸ்க் குறைவாக வந்துவிட்டது என்று வாங்கியவர்கள் நிறுவனத்துக்கு போன் போட்டார்கள். பின்னால் வந்த சிடி பதிப்பில் அந்த நகைச்சுவையையே எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் கைபிரஷ் நடுக்காட்டிலிருந்து நிறுவனத்தின் ஹின்ட் லைனுக்கு போன் போடும் காட்சியை வைத்துத் தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். ஆடுபவர் எதையோ தேடி அலையும் நேரத்தில் வைத்த நகைச்சுவை அவருக்குத் துப்பாகத்தான் படும். சும்மா சிரிக்கவைக்க வேண்டுமென்றால் அவர் நிம்மதியாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

கருத்துகளை எடைபோடும்போது விடை எப்படி வந்தது என்றும் நான் கேட்பேன். தானே கண்டுபிடித்தவர், ஹின்ட் பார்த்தவர், முழு விடையையும் படித்தவர் என்று மூன்று கூட்டம். முழு விடையைப் படித்துக்கொண்டே ஆடியவர்தான் புதிர்கள் அபத்தம் என்று அதிகம் சொல்வார். வழியைப் பார்க்காமல் முடிவை மட்டும் பார்த்தால் எந்த நல்ல புதிரும் உளறலாகத்தான் தெரியும். ஹாம்ஸ்டருக்கு ஸ்வெட்டர் போடு என்று முதல் வரியிலேயே படித்தால் என்ன சிரிப்பு வரும்? 1980-களில் இன்ஃபோகாம் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு ஹின்ட் புத்தகங்களைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்டது. கூடவரும் பேனாவால் தேய்த்தால்தான் ஒவ்வொரு வரியாகத் தெரியும். முதல் வரி லேசான கோடி காட்டும், கடைசி வரிதான் விடை. கேமில் இல்லாத விஷயத்தைப் பற்றிய போலிக் கேள்விகளும் நடுவே இருக்கும், தலைப்பைப் பார்த்தே கதையை ஊகிக்காமலிருக்க. 2022-இல் வந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்'டில் அதே எண்ணம் கேமுக்குள்ளேயே ஹின்ட் புத்தகமாக வந்தது. படிப்படியாகச் சொல்லும், போதும் என்று நீங்கள் மூடிவிடலாம். அதைப் பார்த்தால் கேவலம் என்ற பழைய வீம்பு இன்றைய ஆட்டக்காரர்களிடம் குறைந்துவருவது எனக்கு நல்லதாகவே படுகிறது.

அந்தக் கேம் இன்னொன்றையும் காட்டியது. ரெக்ஸ் கிரவுல் வரைந்த அதன் ஓவியப் பாணி வெளியில் தெரிந்ததும், பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம், கேம் வருவதற்கு முன்பே கில்பர்ட்டைத் தாக்கத் தொடங்கியது. வசை எல்லை மீறியதும், அதைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆடாமல் சொல்லும் கருத்து கேமைப் பற்றியதல்ல, சொல்பவரின் இளமைக்கால ஞாபகத்தைப் பற்றியது. மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், நோட்டில் எழுத மாட்டேன்.

நோட்டில் எழுதுவது வேறு. ஆடுபவர் எங்கே நின்றார், நின்றபோது எது நடக்கும் என்று எதிர்பார்த்தார், எதை எதோடு சேர்த்துப் பார்த்தார். புதிரை எப்படி மாற்றலாம் என்று அவர் சொல்லும் யோசனையைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவர் எதிர்பார்த்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதுவேன். அந்தப் பெண் சின்ன ஸ்வெட்டரைத் தேடியது ஒன்றும் முட்டாள்தனமில்லை. பெரிதாக இருக்கிறது என்ற பதில் அவளை அந்தப் பக்கம்தான் தள்ளியது. அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் சுருங்கினால் சரியாக இருக்கும் என்று பதில் சொல்லியிருந்தால் அவள் கால் தானாக உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருக்கும். தப்பான விடைக்கு எழுதும் ஒரு வரி சிரிக்கவும் வைக்க வேண்டும், திசையும் காட்ட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒரு வாரம் கழித்து அவர்களைக் கூப்பிட்டு, கேமை ஆடாத ஒரு நண்பருக்கு அந்தப் புதிரைக் கதையாகச் சொல்லச் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். எந்தப் படிகளை ரசித்துச் சொல்கிறார்களோ அவை இருக்கட்டும். எந்தப் படிகளைச் சொல்லவே மறந்துவிடுகிறார்களோ அவற்றின்மேல் கோடு போடுவேன். அங்கே போய்ச் சாவி எடுத்து, இங்கே வந்து டிராயரைத் திறந்து என்று நான் பார்த்துப் பார்த்து அடுக்கியவை பல அப்படித்தான் காணாமல் போயிருக்கும். ஆட்டக்காரர் வாய்விட்டுச் சொல்லாத அந்தக் கருத்தைத்தான் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன். மறக்கப்பட்ட படிகளை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் புதிரோடு அடுத்த ஆளை உட்காரவைப்பேன்.